வீடும் வேண்டும், காடும் வேண்டும்



பால்மரத்தோடு வாழ்கிறவர்கள் நாம். லயன் வீட்டு நெருக்கடியும் நாம் அறிந்ததே. ஆகவே, வீடு கேட்கும் ஏழைக்கு எதிராக நாம் ஒருநாளும் பேசமாட்டோம்.

ஆனால், சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே டோவர் காடு 33 ஹெக்டர். கம்பமும் தோட்டமுமாக இருந்து, கைவிடப்பட்டபின் தானே வளர்ந்த காடு. அதில் அடுக்குமாடி வீடுகள் கட்டத் திட்டமிட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், உயிரினங்களைக் கணக்கெடுத்து, அறிக்கையை மக்கள்முன் வைத்தது. மக்கள் வாய்திறந்தார்கள், இயற்கைச் சங்கமும் வாதாடியது. 2021 ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள், உயிர்வளம் மிகுந்த மேற்குப் பாதி இப்போதைக்கு நிற்கும், அதில் ஒரு பகுதி இயற்கைப் பூங்கா. ஏறக்குறைய பத்தாண்டுக்குப்பின் மறுபரிசீலனை என்றார்கள்.

முழு வெற்றியல்ல, பாதி வெற்றி. கேட்டதால் கிடைத்த பாதி!

மரம் போனால் வெயில் ஏறும். மழைநீர் மண்ணில் இறங்காமல் தாழ்ந்த வீட்டில் புகும். அந்தக் கஷ்டம் முதலில் யாருக்கு? தொழிலாளிக்கே!

தோழர்களே, கோடரி விழுந்தபின் முறையிட்டுப் பயனில்லை. நம் தோட்டம் வீட்டுமனையாகும் நாள் வந்தால், வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்போம்: எத்தனை வீடு? எத்தனை மரம்? ஓடை எங்கே?