காலாப்பட்டில் இரண்டு வாசல்கள்



புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும் வரும், மத்தியச் சிறையும் வரும். முதல் வாசலில் நான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். இரண்டாவது வாசலைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

சிறைக்குள் கல்லூரிப் படிப்பு புதிதல்ல. பல சிறைகளில் இக்னோ படிப்பு மையங்கள் உண்டு. பேரறிவாளன் உள்ளே இருந்தே பட்டம் வாங்கினார். 2022 மே 18இல் அவரை விடுவித்த உச்ச நீதிமன்றம் அந்தப் படிப்பையும் கணக்கில் எடுத்தது.

ஆனால் துடைப்பம் யாருக்கு, சமையல் யாருக்கு என்று சாதி பார்த்துச் சிறைக் கையேடுகளிலேயே எழுதி வைத்திருந்த நாடு இது. 2024 அக்டோபர் 3இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. பதிவேட்டின் சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. கழிவறை கழுவப் போனவன் எப்போது புத்தகம் எடுப்பான்?

இன்னொன்று. 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 விழுக்காட்டுக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் கிடப்பவர்கள் யாரென்று சேரியில் பிறந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டுப் பட்டத்தில் சேர்ந்தவர் நாளையே வெளியே வரலாம், வேறு சிறைக்கும் போகலாம். படிப்பு பாதியில் நிற்கும்.

அதனால் நாம் கேட்பது: ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகள், கட்டணமில்லாமல். வெளியே வந்தால் அதே மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்தில் தொடர இடம். மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.