கால் நாளமும் அடிவயிற்று வலியும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் நாம் முதலில் காலை நீட்டித் தேய்க்கிறோம். முழங்காலுக்குக் கீழே நெளிந்து புடைத்திருப்பதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். அது நரம்பல்ல, நாளம். இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்.

மேலே ஏறிய இரத்தம் கீழே இறங்காதபடி அந்தக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். நாமோ கூடையோடு சரிவில் மணிக்கணக்காக நிற்கிறோம். வால்வு தளர்ந்தால் இரத்தம் தேங்கி, நாளம் புடைக்கும்.

இதே கோளாறு இடுப்புக்குள்ளும் வரும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தம் கூடுகிறது, கருப்பை நாளங்களை அழுத்துகிறது, சூலக நாளங்கள் விரிகின்றன. பிள்ளை பிறந்த பின் அவை சிலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பல பிள்ளை பெற்றவர்களுக்கு இது அதிகம். அடிவயிறு கனத்து வலிக்கும். நின்றால் கூடும், படுத்தால் குறையும். மாதவிடாய் நாட்களிலும் கணவனோடு சேர்ந்த பின்னும் கூடலாம். அங்கே தேங்கும் இரத்தம் கீழிறங்கி உள்தொடை, பின்தொடை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் நாளங்களைப் புடைக்க வைக்கும். காலில் சத்திரசிகிச்சை செய்தும் சிலருக்குத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் டொக்டரிடம் காலை மட்டும் காட்டிவிட்டு, அடிவயிற்று வலியை வெட்கத்தில் மறைக்கிறோம். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இனி இரண்டையும் சேர்த்துச் சொல்வோம். எல்லா அடிவயிற்று வலியும் இதுவல்ல. வேறு நோயாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்தே அறியலாம். இதுதான் என்றால், மெல்லிய குழாயைச் செலுத்திப் பழுதான நாளத்தை அடைக்கும் சிகிச்சை உண்டு.

இடைவேளையில் காலை உயர்த்தி வைப்போம். நிரையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவோம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளம் வெடித்து இரத்தம் வந்தால் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவைதான்: மலையில் உட்கார ஓர் இடம், கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் வெட்டாமை, கர்ப்பிணிகளுக்குச் சரிவில்லாத இடத்தில் இலகு வேலை. 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ விடுமுறை 12 வாரம். அதில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெட்கத்தில் மறைத்த வலிக்கு மருந்தும் கிடைக்காது, உரிமையும் கிடைக்காது. பேசுவோம், சேர்ந்து கேட்போம்.