மேல்முறையீடும் ஜாமீனும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள அமர்வு நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்த்துச் சிறைத்தண்டனை விதிக்கிறது என்று கொள்வோம். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆயினும், மேல்முறையீடு செய்ததனாலேயே தண்டனை நின்றுவிடாது. அதனை நிறுத்திவைத்துத் தம்மை ஜாமீனில் விடுமாறு அவர் தனியே மனுச் செய்தல் வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 430-ஆம் பிரிவு அதற்கு வழி வகுக்கிறது.

இவ்வழி எதற்கு? மேல்முறையீடு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். விடைத்தாளில் பிழைபட்ட மதிப்பெண்ணை என் போன்ற ஆசிரியன் மறுநாளே திருத்திவிடலாம். சிறையில் கழிந்த ஆண்டினை எந்த நீதிபதியாலும் திருப்பித் தர இயலாது. 1977-இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில், மேல்முறையீட்டை உரிய காலத்தில் விசாரிக்க இயலாதபோது, தக்க காரணமின்றி ஒருவரைச் சிறையில் வைத்திருத்தல் நீதியாகாது என உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி உணர்த்தினார்.

எனினும், ஜாமீன் விடுதலையன்று. கொடிய குற்றமாயின், அரசு வழக்கறிஞர் எழுத்து மூலம் மறுப்புக் கூற வாய்ப்பளித்த பின்னரே அது வழங்கப்படும். மேல்முறையீடு தோற்றால், வெளியில் இருந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் சேரா.

ஆகவே, ஒருவர் ஜாமீனில் வந்தார் எனக் கேட்டவுடன், அவர் குற்றமற்றவர் என்றோ, நீதி விலைபோயிற்று என்றோ முடிவு கட்டாதீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள்.