கியர் எது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு?

ஆடிப் பட்டத்து நிலக்கடலை விதைப்புக்கு முன்னால் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். "சார், மணிக் கணக்கில் வாடகை கொடுத்து ரோட்டவேட்டர் ஓட்டினேன். வந்து பாருங்க, கட்டி கட்டியாகக் கிடக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். தேங்காய் அளவுக் கட்டிகள். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு விதைக்க வேண்டிய நிலம். கட்டிக்கு அடியில் மாட்டிய விதை மேலே வராது. கட்டிகளின் சந்தில் விழுந்த விதை காய்ந்துபோகும். விதைக்குக் கொடுத்த பணம் என்ன ஆவது?

டிரைவர் தம்பியைக் கேட்டேன். "பெரிய கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைக் குறைச்சு வச்சா டீசல் மிச்சம்னு ஓனர் சொன்னாருங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது எல்லா வேலைக்கும் பொருந்தாது. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

இப்போது சில கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் கியர் தானாகவே மாறுகிறது. நாம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதைப் பார்த்து அதுவே முடிவு செய்கிறது. லேசாக மிதித்தால் சீக்கிரமே பெரிய கியருக்குப் போய்விடும். பாரம் ஏற்றி மேட்டில் அழுத்தி மிதித்தால் சின்ன கியருக்கு இறங்கி இழுக்கும். நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அந்த முடிவை டிரைவர்தான் எடுக்க வேண்டும்.

முதலில் இழுவை வேலை. உதாரணமாக, ஏற்கெனவே உழுத நிலத்தில் ஒன்பது கொத்துக் கலப்பை ஓட்டுகிறீர்கள். பாரம் குறைவு. அப்போது ஒரு கியர் கூட்டி, ஆக்சிலரேட்டரைக் குறைக்கலாம். வண்டி அதே வேகத்தில் போகும், எஞ்சின் சுற்றுவது குறையும், டீசலும் குறையும். ஓனர் சொன்னது இங்கே சரி.

அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓடும்போதே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் உடனே வேகம் பிடித்தால் சரியான கியர். வேகம் பிடிக்காமல் முக்கிக்கொண்டு கரும்புகை கக்கினால் பாரம் அதிகம் என்று அர்த்தம். உடனே கியரைக் குறையுங்கள். அப்படி முக்க வைத்தே ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் புகையாகப் போகும். எஞ்சினும் சூடேறும். மிச்சம் பிடித்ததெல்லாம் மெக்கானிக்குக்குப் போய்விடும். (கரும்புகைக்கு அடைபட்ட ஏர் பில்டரும் காரணமாக இருக்கலாம். அதையும் பாருங்கள்.)

இனி ரோட்டவேட்டர். இது பி.டி.ஓ. தண்டில் ஓடுவது. சாதாரணமாக அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினால் அந்த 540 கிடைக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் மீட்டரிலேயே குறி இருக்கும். கை ஆக்சிலரேட்டரை அந்தக் குறியில் நிறுத்திவிடுங்கள். அதைத் தொடக் கூடாது. மாற்ற வேண்டியது கியரை மட்டும்தான்.

காரணம் சொல்கிறேன். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் வண்டியின் வேகமும் கத்தி சுற்றும் வேகமும் சேர்ந்தே குறையும். கியரைக் கூட்டினாலோ, கத்தி அதே வேகத்தில் சுற்ற, வண்டி மட்டும் முன்னால் ஓடும். ஒவ்வொரு கத்தியும் பெரிய பெரிய துண்டாக மண்ணை வெட்டும். அந்தத் தம்பி இரண்டையும் செய்திருந்தான். துண்டும் பெரிது, அதை உடைக்கக் கத்தியில் வேகமும் இல்லை.

அங்கேயே குறியில் வைத்து, லோ கியருக்கு மாற்றி, ஒரு மூலையில் ஓட்டிப் பார்த்தோம். கட்டி உடைந்தது. நல்ல காலம், மண்ணில் ஈரம் இருந்தது. காய்ந்து இறுகிய மண்ணாக இருந்தால் எந்தக் கியரும் உதவாது. இரண்டாம் தடவை ஓட்டிய வாடகை யாருடையது என்று வரப்பிலேயே ஒரு பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

வாடகை என்றதும் இன்னொன்று. பழைய வண்டிகளில் மணி மீட்டர் எஞ்சின் சுற்றுக்கு ஏற்றபடி ஓடும். குறித்த வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும். மீட்டர் கணக்கா, கைக்கடிகாரக் கணக்கா என்பதை வண்டி வயலில் இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாரத்தோடு டிரெயிலரை ஏரிக்கரைச் சரிவில் இறக்குவது. இங்கே டீசல் கணக்கே பார்க்காதீர்கள். உயிர்க் கணக்கு இது. மேலேயே வண்டியை நிறுத்தி, சின்ன கியர் போட்டு, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நடுச் சரிவில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அடுத்த கியர் விழாமல் போனால் பாரம் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதும் இதே ஆபத்துதான். வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருந்த இரண்டு பிரேக் மிதிகளையும், ரோட்டில் ஏறும் முன் கொண்டி போட்டு ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்களா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்பிக் கவிழும்.