எண்ணிப் பார்த்தல்

இராமேசுவரம் தீவுக்குத் தரை வழியாக வருகிறவர்கள் மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் பாலத்தின்மேல் ஏறித்தான் ஆகவேண்டும். 1914-ஆம் ஆண்டில் ரயில் பாலம் வந்தது. 1988-ஆம் ஆண்டில் சாலைப் பாலம் வந்தது. பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்றபின் 2025 ஏப்ரல் மாதத்தில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பாலங்கள் மாறினாலும் வழி அதேதான். தீவுக்குள் எத்தனை வண்டிகள் வருகின்றன, எத்தனை போகின்றன என்று அறிய விரும்புகிறவன் பாலத்தின் வாயிலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும். எங்கள் தங்கச்சிமடத்துப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தால் கணக்குத் தவறிப்போகும். பாம்பனோடு நின்றுவிடும் வண்டிகள் அவன் கண்ணில் படமாட்டா.

குழந்தைக்கும் தெரிந்த இந்த உண்மை, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு என் சொந்த வீட்டில் மறந்துபோயிற்று. அந்த மறதியால் ஒரு பையனுக்கு நான் அநியாயம் செய்தேன். அந்தச் சங்கதியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது. சர்வர் என்றவுடன் குளிர்பதன அறையில் வரிசையாக நிற்கும் பெரிய யந்திரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கை அகலமுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அது. புத்தக அலமாரியின் மூலையில் சத்தமில்லாமல் இருக்கும். குடும்பப் புகைப்படங்களும், காலஞ்சென்ற என் தகப்பனாரின் குரற்பதிவுகளும் அதில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டிலுள்ள கைபேசிகள் எல்லாம் அதனோடு பேசும்.

இணையத்துக்கு நாங்கள் செலுத்தும் மாதச் சந்தாவுக்கு 400 ஜிகாபைட் என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேகம் ஆமை நடையாகிவிடும். சென்ற வருஷம் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள்ளாகவே அந்த எல்லை தீர்ந்துபோகத் தொடங்கியது. கடல் கடந்து வாழும் என் மகள் திரையில் தோன்றிப் பேசத் தொடங்கினால், பாதி வார்த்தையில் அவள் முகம் உறைந்து நின்றுவிடும். பேரனுடைய மழலை துண்டு துண்டாக வந்து சேரும். இவ்வளவையும் தின்பது யார் என்று அறிய, வீட்டுக்குள் ஒரு கணக்கனை அமர்த்தத் தீர்மானித்தேன்.

இந்தக் கணக்கு வேலைக்கு உபகரணங்கள் பஞ்சமில்லை. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1988-ஆம் ஆண்டு வாக்கில் டி.சி.பி. டம்ப் என்ற கருவி பிறந்தது. கம்பியில் ஓடும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அது பிடித்துக் காட்டும். 1994-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் பணி செய்த இடத்தில் வெளியுலகுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அது எப்படி இருக்கிறது என்று எல்லாரும் ஓயாமல் கேட்கவே, போக்குவரத்தைப் படமாக வரைந்து காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்ற கருவியை அவர் எழுதினார். 1998-இல் இத்தாலியின் பைசா நகரத்தில் லூகா டெரி என்பவர் என்டாப் என்பதை எழுதினார். எந்த யந்திரம் எவ்வளவு அனுப்பியது, எவ்வளவு பெற்றது என்று தனித்தனியாக அது சொல்லும். அதன் இன்றைய வடிவத்தைத்தான் நான் என் சர்வரில் நிறுவினேன்.

நிறுவி முடித்த அன்று எனக்கு உண்டான பெருமை மறுநாளே போய்விட்டது. கணக்கில் சர்வரின் சொந்தப் போக்குவரத்து மட்டுமே இருந்தது. வீட்டில் வேறு யாருமே இல்லாதது போல் அது காட்டியது. காரணம் எளியது. ரௌட்டர் என்ற பெட்டி, தகவலை எந்த யந்திரத்துக்கு உரியதோ அதற்கு மட்டுமே கொடுக்கும். பக்கத்து யந்திரத்தின் காதில் போடாது. என் கணக்கன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே அவனைப் பாலத்துக்கு மாற்றினேன். பிரதி எடுத்துத் தரும் வசதியுள்ள ஒரு சுவிட்ச்சை வாங்கி, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழைப் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் வைத்தேன். அதன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நகலைச் சர்வருக்கு அனுப்பும்படி சொன்னேன். சர்வருக்கு இரண்டு கம்பி வாய்கள் அமைத்தேன்: ஒன்று பேசுவதற்கு, மற்றொன்று இந்த நகல்களைக் கேட்பதற்கு மட்டும்.

இப்போது எல்லாம் தெரிந்தது. ஆனால் யார் என்பது தெரியவில்லை. வீட்டுக்குள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு தனி விலாசம் உண்டு. ரௌட்டரைத் தாண்டும்போது அந்த விலாசங்கள் எல்லாம் கழன்று, வீடு முழுவதற்கும் ஒரே பொது விலாசமாகிவிடும். பாலத்தைத் தாண்டினால் பாம்பன்காரரும் தங்கச்சிமடத்துக்காரரும் தீவுக்காரர் என்ற ஒரே பெயர் பெறுவதுபோல. ஆகவே ஆள் தெரியவில்லை. மொத்தமும் மணியும் மட்டும் தெரிந்தன. படத்தில் ஒவ்வொரு நாளும் இரவு எட்டரை மணிக்கு ஒரு மேடு எழுந்தது. ஒன்றேகால் மணி நேரம் அப்படியே நின்று பிறகு சரிந்தது.

எட்டரை மணி என்றதும் என் மனம் ஒருவனிடம் போய் நின்றது. அடுத்த தெருவில் ஒரு மீனவர் வீட்டுப் பையன். பிளஸ் டூ படிக்கிறான். அவன் வீட்டில் இணையம் இல்லாததால், எங்கள் திண்ணையில் வந்து படித்துக்கொள்ளச் சொல்லி வைஃபையின் கடவுச்சொல்லை நானே கொடுத்திருந்தேன். தினமும் இரவு எட்டு மணிக்கு வருவான். ஒன்பதரை, பத்துக்குப் போவான். பாடம் படிப்பதாகச் சொல்லிவிட்டுச் சினிமா பார்க்கிறான் என்று தீர்மானித்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாள் வந்து கேட்டவனிடம், "இங்கே இனிமேல் வசதிப்படாது தம்பி" என்று சொன்னேன். "சரி சார்" என்று போய்விட்டான். ஏன் என்று அவன் கேட்காததையே குற்றத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

அவன் வராத முதல் நாளும் எட்டரை மணி மேடு எழுந்தது. இரண்டாம் நாளும் எழுந்தது. கடவுச்சொல்லை எப்படியோ கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனிதனின் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்! ஆறாம் நாள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று எட்டு மணிக்கே சர்வரின் முன்னால் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் எட்டரை அடித்தது. கோடு அசையவில்லை. ஒன்பது ஆயிற்று, அப்பொழுதும் அமைதிதான். பிறகு திரையின் மூலையிலிருந்த மணியைப் பார்த்தேன். மாலை மூன்றரை என்று காட்டியது.

சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம்முடைய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அதன் எட்டரை மணி, தங்கச்சிமடத்தில் அதிகாலை இரண்டு மணி. அந்த வேளையில் அந்தப் பையன் மட்டுமல்ல, ஊரே உறங்கிக்கொண்டிருக்கும்.

கடிகாரத்தைத் திருத்திவிட்டு, அந்த இரண்டு மணிக்காரன் யார் என்று தேடினேன். அதற்குக் கணக்கன் ரௌட்டருக்கு உட்புறம் இருக்கவேண்டும். ஆனால் ரௌட்டரின் சொந்த வைஃபையில் பேசும் யந்திரங்கள் சுவிட்ச்சின் பக்கமே வாரா. ஆகவே அந்த வைஃபையை நிறுத்தினேன். தனியாக ஒரு வைஃபைப் பெட்டியைச் சுவிட்ச்சுக்குப் பின்னால் வைத்தேன். இப்பொழுது எல்லாரும் தம் தம் விலாசத்தோடு சுவிட்ச்சைக் கடந்தே ரௌட்டருக்குப் போகவேண்டும்.

அடுத்தபடியாக எடைக்கல்லைச் சோதித்தேன். 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை வெளியிலிருந்து இறக்கினேன். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விலாசச் சீட்டு உண்டாகையால் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கூடுவது இயல்பு. ஆனால் கணக்கோ இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல் காட்டியது. சுவிட்ச்சின் எல்லா வாய்களையும் நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரே பொட்டலம் உள்ளே நுழையும்போது ஒரு தடவையும் வெளியேறும்போது ஒரு தடவையும் எண்ணப்பட்டது. ரௌட்டரை நோக்கிய ஒரு வாயை மட்டும் நகலெடுக்கச் சொன்னவுடன் கணக்கு நேராயிற்று.

அன்று இரவு இரண்டு மணிக்கு ஆள் அகப்பட்டான். என் கொல்லையில் தொங்கும் கேமராதான் அது! இந்தப் பக்கத்தில் மல்லிகை நாற்று வளர்ப்பது பலருக்கும் வழக்கம். என் கொல்லையிலும் சில பாத்திகள் உண்டு. ஆடு மேயாமல் பார்ப்பதற்காகக் கேமராவை நானேதான் மாட்டினேன். அது பகலெல்லாம் பதிந்ததை இரவில் எங்கோ அயல்நாட்டிலுள்ள ஒரு கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி அனுப்பும்படியே அதன் அமைப்பு முன்கூட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை. வினாடிக்கு 10 லட்சம் பிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட், முப்பது நாளைக்கு 324 ஜிகாபைட். நானூறில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு ஆடு பார்ப்பதற்குச் செலவாயிற்று! அந்த ஏற்பாட்டை நிறுத்தி, பதிவுகளை வீட்டுச் சர்வரிலேயே வைக்கும்படி மாற்றினேன்.

மறுநாள் காலையில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் மட்டும் இருந்தார். "வாத்தியார் ஐயாவுக்கு வீட்டிலே விருந்தாளி வந்திருப்பாங்கன்னு தம்பி சொன்னான்" என்றார். ஆறு நாளும் பையன் இரவில் சாலையோரம் நின்று, கைபேசியில் எங்கே தொடர்பு கிடைக்கிறது என்று தேடியிருக்கிறான். பாடத்துக்கு மட்டுமல்ல. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டிச் சொல்கிறது அல்லவா? அதைப் பார்த்துத் தகப்பனாருக்குச் சொல்வது அவன் வேலையாம். 1964 டிசம்பர் புயலைப் பற்றிக் கேட்டே வளர்ந்த கடற்கரை இது. காற்றின் செய்தி இங்கே பொழுதுபோக்கு ஆகாது. இதை அறிந்தபோது என் தலை தானாகவே குனிந்தது.

பையன் வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால் நான் எதைப் பார்க்கிறேன் என்பதும் அதில் தெரியுமா சார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி மன்னிப்பைவிடக் கனமானது. உள்ளடக்கம் பெரும்பாலும் பூட்டிய உறையில்தான் செல்கிறது. ஆனால் எந்தத் தளத்துக்குச் செல்கிறது என்ற மேல்விலாசம் பல வேளைகளில் தெரியும். என் வீட்டார் நள்ளிரவில் எந்த நோயைப் பற்றித் தேடினார்கள் என்பதைக்கூட நான் ஊகித்திருக்க முடியும். தபால்காரர் கடிதங்களை எண்ணலாம். யாருக்கு யார் எழுதுகிறார் என்று ஊருக்குள் குறித்து வைத்துக்கொண்டு திரியலாமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அரசாங்கத்துக்கு எதிரான வழக்கில்தான். ஆனாலும் அந்த நியாயம் குடும்பத் தலைவனுக்கும் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. அன்றே தளங்களின் பெயர்களைப் பதிவதை நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு யந்திரத்துக்கும் நாளுக்கு எவ்வளவு என்ற எண் மட்டுமே இருக்கிறது. ஒரு மாதம் கழிந்தால் அதுவும் அழிந்துவிடும். எண்ணப்படுகிறது என்பதை வீட்டாருக்கும் திண்ணைக்கு வருகிறவருக்கும் சொல்லிவிட்டேன்.

வீட்டில் இத்தகைய கணக்கு எடுக்க நினைக்கிறவர்கள் மூன்றை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடம் சரிதானா? அவன் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரந்தானா? அளவு தெரிந்த ஒன்றை அனுப்பிப் பார்த்தால் அதே அளவைச் சொல்கிறானா? இம்மூன்றும் முடிந்த பிறகே மனிதர்கள்மேல் சந்தேகம் கொள்ளலாம். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொன்னார்கள். விசாரிக்கிற கருவியையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

பையன் மறுபடியும் திண்ணைக்கு வந்தான். கருவியை அவனுக்குக் காட்டினேன். "பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழுமே, அதுபோல இதற்கும் ஒன்று வைக்கலாமே சார்" என்றான். எந்த யந்திரமும் ஒரு நாளில் 8 ஜிகாபைட்டைத் தாண்டினால் என் கைபேசிக்குச் செய்தி வரும்படி அவனே அமைத்தான். இதுவரை இரண்டு தடவை செய்தி வந்தது. முதல் தடவை, விடுமுறைக்கு வந்த பேரன் பார்த்த படங்கள். இரண்டாம் தடவை, அதே கேமரா. தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டபோது, நான் நிறுத்தி வைத்ததைத் தானாகவே மறுபடி தொடங்கியிருந்தது. அதைக் கண்டு பிடித்து நிறுத்தியவன் அந்தப் பையன்தான். நான் அப்போது மதுரைக்குப் போயிருந்தேன். புதிய கடவுச்சொல் அவனிடம் இருந்தது.