அன்றாட முடிவுகளும் ஆண்டவரின் வழிநடத்துதலும்



வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தில் நமக்கு அளிக்கப்பட்ட பொருள், அன்றாட முடிவுகளில் கடவுளின் சித்தத்தை நாடுதல் என்பதாகும். பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது என்று சேரங்கோட்டில் ஒரு தாயும் தகப்பனும் இரவில் அடுப்பருகே அமர்ந்து பேசுவதையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நம் குடும்பங்களின் நிலை நாம் அறிந்ததே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர்க்கு வேலை தரும்பொருட்டு, 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ எனும் கழகமாயிற்று. வேலை உள்ளவரையே லைன் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஆதலால் பிள்ளையைப் படிக்க அனுப்புவதா, தோட்டத்தில் பெயர் பதியச் செய்வதா என்பது நமக்குக் கல்வி பற்றிய கேள்வி மட்டுமன்று. தலைக்கு மேலுள்ள கூரை பற்றிய கேள்வியும் ஆகும்.

இவ்வேளையில் நம்மவர் ஜெபிக்கின்றனர், அது நன்று. ஆனால் ஜெபித்தபின், கண்மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை விடையெனக் கொள்வோரும், சீட்டுக் குலுக்கிப் பார்ப்போரும் உளர். மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டது உண்மையே. ஆயின் பெந்தெகொஸ்தே நாளுக்குப்பின் அப்போஸ்தலர் மீண்டும் சீட்டுப் போட்டதாக நடபடிகளில் செய்தி இல்லை. எருசலேமில் பெரும் வழக்கு எழுந்தபோது கூடினர், விவரம் கேட்டனர், ஆராய்ந்து முடிவு கண்டனர்.

நெகேமியாவைப் பாருங்கள். இடிந்த நகரத்துக்காக மாதக்கணக்கில் உபவாசித்து ஜெபித்தார். அரசன் வினவிய அந்நொடியிலும் மனத்துள் ஜெபித்தார். உடனே விடுப்பின் காலவரையறையைச் சொன்னார். அதிகாரிகளுக்குக் கடிதம் கேட்டார். மரம் பெற வனக்காவலனுக்கும் கடிதம் கேட்டார். ஊர் சேர்ந்ததும் இரவில் மதிலைச் சுற்றிப் பார்த்தபின்னரே மக்களிடம் பேசினார். ஜெபமும் விசாரணையும் அவருக்கு இருவேறு வழிகள் அல்ல.

சில காரியங்களில் புதிதாக வழி கேட்கவே தேவையில்லை. கற்பனையே விடை தந்துவிட்டது. சாதிச் சான்றிதழ் அத்தகையது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அது 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் திருத்தப்பட்டது, நமக்குத் திருத்தப்படவில்லை. இந்த மத வரம்பை நீக்குமாறு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. இது அநீதி என்று உரத்துச் சொல்வோம், மனுக் கொடுப்போம். ஆனால் பொய் எழுதித் தரும்படி பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டாம். உண்மையை எழுதினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சமும் வேண்டாம். தமிழகத்தில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளோம். ஆதிதிராவிடர் நலத்துறையின் உயர்கல்வி உதவித்தொகையில் கிறிஸ்தவராக மாறியோர்க்கும் இடமுண்டு. விசாரித்தவர்க்கே இது தெரியும்.

வழிநடத்துதலுக்கு மற்றோர் அடையாளம், அது நம்மைப் பிறர் துயரின்பால் திருப்புவதாகும். 1890களில் திண்டிவனத்தில் ஓரிரவில், பெண் மருத்துவர் இல்லாமையால் மூன்று தாய்மார் பிரசவத்தில் மாண்டனர். மிஷனெரி குடும்பத்து இளம்பெண் ஐடா ஸ்கடர் அதனை அழைப்பாக ஏற்றார். அழைப்பு வந்தது ஓரிரவில். அதனை நிறைவேற்ற ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

ஆகவே இளைஞர்களே, ஜெபியுங்கள். ஜெபித்தபின் எழுந்து விசாரியுங்கள். கூடலூரிலும் உதகையிலும் கல்லூரிகளில் என்ன பாடம், விடுதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022இலும், மாணவர்க்கு 2024இலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அவற்றைப் பற்றி ஆசிரியரிடம் அறியுங்கள். உங்களைவிட ஒரு படி மேலேறியவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

பெற்றோரே, ஜெபித்து எடுத்ததாகச் சொல்லும் முடிவு ஒவ்வொரு முறையும் பெண்பிள்ளையின் படிப்பையே நிறுத்துமாயின், அம்முடிவை மறுபடியும் ஆண்டவர் முன் வையுங்கள். தாழ்ந்த நிலையே உங்கள் விதி என்று நம் முன்னோர்க்குப் பிறர் சொன்னார்கள். அதே விதியைத் தேவசித்தம் என்று பெயர் மாற்றி, நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லலாகாது. கூரைக்கும் கல்விக்கும் இடையே தவிக்கும் குடும்பத்தைத் தனியே முடிவெடுக்க விடாது, உடன் அமர்ந்து ஆராய்வதே இச்சங்கத்தின் கடமையாம். இனிவரும் ஆண்டுகளில் அக்கடமையைச் செவ்வனே செய்ய ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.