வளவுக் கோழிகளின் குணபேதம்



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் முட்டைக் கணக்கோடு தொடங்கி முட்டைக் கணக்கோடே முடித்துவிடுவர். ஆண்டுக்கு எத்தனை முட்டை, தீன் எவ்வளவு, வரவு என்ன, செலவு என்ன என்பன வேண்டிய கணக்குகளே. ஆயினும், வீட்டு வளவில் ஆறோ எட்டோ கோழிகளை வைத்திருக்கும் குடும்பத்தினருக்கு அவற்றினும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. வாங்கப்போகும் கோழி எத்தகைய சுபாவம் உடையது என்பதே அக்கேள்வி. வேலியைத் தாண்டி அயல்வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறுமா? முற்றத்தில் விளையாடும் குழந்தையைத் துரத்துமா? பருந்தின் நிழலைக் கண்டால் ஓடி ஒளியுமா, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்குமா? அடைகிடந்து குஞ்சு பொரிக்குமா, பொரித்த குஞ்சைக் காக்குமா? இவற்றுக்கெல்லாம் முட்டைக் கணக்கு விடை சொல்லாது.

தூரத்தில் நின்று நோக்குவோர்க்குக் கோழிகள் யாவும் ஒன்றே. ஒரு வகுப்பறையைச் சாளரத்தினூடாக எட்டிப் பார்ப்பவருக்குப் பிள்ளைகள் யாவரும் ஒரே மாதிரியாகத் தோன்றுவதுபோல்தான் இதுவும். உள்ளே நின்று பழகிய ஆசிரியருக்கோ ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் உலகம். பாடசாலைத் தோட்டத்திலே பிள்ளைகளோடு கூடநின்று பலவினக் கோழிகளைக் கவனித்து வந்தவன் என்ற முறையில், அவற்றின் குணபேதத்தைப் பற்றியும் அக்குணங்கள் எவ்வாறு வந்தன என்பதைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. நம் நாட்டின் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி அதற்கு உறவே அன்றி வீட்டுக்கோழியின் நேர் மூதாதை அன்று. செங்காட்டுக்கோழி அரவம் கேட்டால் மறையும்; அந்தியில் மரமேறித் தங்கும்; சில முட்டைகளை இட்டதும் இடுவதை நிறுத்தி அடைகிடக்கும். இந்த ஒரு மூலத்திலிருந்தே, சில ஆயிரம் ஆண்டுகளாக, மனிதர் தாம் தாம் விரும்பிய குணங்களைத் தெரிந்தெடுத்துப் பல இனங்களை உருவாக்கினர். ஆகையால் ஓர் இனத்தின் சுபாவம் என்பது, அதனை உருவாக்கிய மக்கள் அதனிடம் எதனைக் கேட்டார்கள் என்பதற்குக் கிடைத்த விடையாகும். அவர்கள் கேட்டது கிடைத்தது. கேளாது விட்டது பல சமயங்களில் கைநழுவிப் போயிற்று.

முதலில் வெள்ளை லெகோர்னை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் தஸ்கனிப் பகுதிக்குரிய இக்கோழிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லிவோர்னோத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா சென்றன. அத்துறைமுகத்தை ஆங்கிலேயர் லெகோர்ன் என வழங்கியமையால் கோழிக்கும் அப்பெயர் வாய்த்தது. மெலிந்த உடல், பேட்டிலே ஒருபக்கம் சரிந்து விழும் பெரிய கொண்டை, ஓயாத கால்கள் என்பன இதன் அடையாளங்கள். உண்ணும் தீனுக்கு நிறைந்த முட்டை தருவதில் இதற்கு இணையானவை சிலவே. எங்கள் வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் சுபாவத்தில் இது பதற்றமுடையது. ஒரு வாளி கவிழ்ந்த ஓசை போதும், கூட்டம் முழுவதும் சிறகடித்துச் சுவரில் மோதும். வேலி இதற்கு ஒரு தடையன்று. மடியில் எடுத்து வைத்துத் தடவுவதை இது விரும்பாது. அடைகிடப்பதும் அரிது. அடைகிடக்கும் பேடு முட்டையிடாது. ஆதலால் அடைகிடக்கும் குணம் குறைந்த பேடுகளையே வளர்ப்போர் தலைமுறைதோறும் விரும்பிக் காத்தனர். முட்டையைக் கேட்டார்கள், முட்டை பெருகியது, தாய்மை விடைபெற்றது.

றோட் ஐலண்ட் றெட் வேறொரு போக்கினது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலும் அதன் அயலிலுள்ள மசச்சூசெற்ஸிலும் குடியானவர்கள் மலாய் இனச் சேவல்கள் முதலியவற்றைக் கலந்து இதனை உருவாக்கினர். 1904ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் இதனைத் தனியினமாக ஏற்றனர். 1954ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் பறவையாகவும் இது அறிவிக்கப்பட்டது. குளிரிலும் மழையிலும் கிடைத்ததைத் தின்று பிழைக்கவேண்டிய பண்ணைக் கோழியாகையால், இதனிடம் நிதானமும் தன்னம்பிக்கையும் மிகுதி. தீன் தட்டைக் கண்டால் முந்தி நிற்பதும் இதுவே. பயந்த இனங்களை ஒதுக்கித் தள்ளுவதும் இதுவே. பேடுகள் மனிதரோடு நன்றாகப் பழகும். சேவல்களிற் சில மட்டும் பின்னால் வந்து காலிற் பாயும் இயல்புடையன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அத்தகைய சேவலை வைத்திருத்தல் தகாது. அதனிடம் குஞ்சு எடுத்தலும் தகாது. முரட்டுத்தனமும் முட்டையைப் போலவே வழிவழி வருவது.

சாந்தத்தை விரும்புவோர் லைட் சசெக்ஸையும் ஒஸ்திரலோப்பையும் நாடலாம். வெண்மையான உடலும் கழுத்திலே கருங்கோடுகளும் கொண்ட லைட் சசெக்ஸ், இங்கிலாந்தின் பழைய இனங்களில் ஒன்றாகிய சசெக்ஸின் ஒரு வகை. இலண்டன் நகரச் சந்தைக்கு இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கப்பட்ட இனம் சசெக்ஸ். பதறித் திரியும் பறவையிலே தசை பிடியாது. அமைதி இவ்வினத்தின் இயல்பாயிற்று. தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தால் அருகே வந்து நின்று, புரளும் மண்ணிலே புழுவைத் தேடும். வேண்டும்போது அடையும் கிடக்கும்.

ஒஸ்திரலோப், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா சென்ற கரிய ஓர்பிங்டன் கோழிகளின் வழிவந்தது. பச்சை மினுக்கமுள்ள கரிய இறகும் பெரிய கருவிழியும் உடையது. 1922-23இல் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த போட்டியொன்றில் இவ்வினத்துப் பேடுகள் ஆறு, 365 நாளில் 1,857 முட்டைகள் இட்டன. இத்தனை முட்டையிட்ட பறவை, கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் சாதுவுங்கூட. பதற்றமுள்ள பறவைதான் மிகுதியாக முட்டையிடும் என்று எண்ணுவோர்க்கு இது தக்க மறுமொழி.

இனிப் போர்க்குணமுடைய அசீலைப் பார்ப்போம். பாரதநாட்டில் தொன்றுதொட்டு வளர்க்கப்பட்டு வரும் இனம் இது. இதன் பெயர் நற்குடிப் பிறப்பைக் குறிக்கும் அரபுச் சொல். நாம் வழங்கும் 'அசல்' என்ற சொல்லும் அதே வேரிற் பிறந்ததுதான். சேவலின் வீரத்தைத் தமிழர் பழங்காலத்திலேயே போற்றினர். முருகன் கொடியிலே சேவல் விளங்குகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றொரு பெயர் உண்டு. யானையோடு பொருது வென்ற சேவலொன்றின் கதை அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அசீலின் குஞ்சுகள் சில வாரத்துள்ளேயே ஒன்றையொன்று கொத்தத் தொடங்கிவிடும். வளர்ந்த சேவல்கள் இரண்டினை ஒரு வளவில் விடுதல் இயலாது. ஆனால், இன்னொரு சேவலை உயிரோடு விடாத அதே பறவை, தன்னை வளர்த்தவன் கையிலே பூனைக்குட்டிபோல் அடங்கி இருக்கும். பேடோ சில முட்டைகளே இடும். ஆயினும் குஞ்சுகளோடு நிற்கையில் எதிரி எவனாயினும் அஞ்சாது எதிர்க்கும். சேவற்போர் கொடிய விளையாட்டு என்பதில் ஐயமில்லை. அவ்விளையாட்டுக்காகத் தெரிந்தெடுத்த வீரம் தாயினிடத்தே காவலாக மாறியிருப்பது இயற்கையின் விந்தை.

சீனத்தின் சில்க்கி இதற்கு நேர்மாறானது. பூனையின் மயிர்போன்ற மயிருடைய கோழிகள் சீனத்திலே உண்டென்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாத்திரை செய்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். இது பறக்காது, சண்டைக்குப் போகாது. எந்தப் பறவையின் முட்டையை வைத்தாலும் அடைகிடக்கும்.

நம்முடைய ஊர்க்கோழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மற்றைய இனங்களைத் தெரிந்தெடுத்தவன் மனிதன். ஊர்க்கோழியைத் தெரிந்தெடுத்தவை, மிகுதியும், பருந்தும் கீரியும் நோயும் பஞ்சமுமே. ஏமாந்த கோழி இறந்தது. விழிப்புள்ள கோழி குஞ்சு பொரித்தது. ஆகையால் விழிப்பே இதன் முதற் குணம். நிறமும் ஒன்றாக இராது. ஒரே அடையிற் பொரித்த பத்துக் குஞ்சும் பத்து நிறமாக இருக்கும். அந்தியானதும் கூட்டை விட்டு மாமரத்தை நாடும். சேவல் இரை கண்டால் தான் உண்ணாது, மெல்லிய குரல் கொடுத்துப் பேடுகளை அழைக்கும். ஆகாயத்திலே பருந்து வந்தால் ஒரு குரல், தரையிலே கீரி வந்தால் வேறொரு குரல். குரலைக் கேட்ட மாத்திரத்தே, மேலே பார்க்கவேண்டுமா கீழே பார்க்கவேண்டுமா என்பதைப் பேடுகள் அறிந்துகொள்ளும்.

அடைகிடக்கும் ஊர்க்கோழியைக் கவனித்திருக்கிறீர்களா? இருபத்தொரு நாளும் இரைக்காகச் சிறிது நேரம் இறங்குவதன்றி முட்டையை விட்டு அகலாது. முட்டைகளை அலகினால் அடிக்கடி திருப்பி வைக்கும். பொரிப்பதற்கு முன்னரே ஓட்டினுள் இருந்து குஞ்சு குரல் கொடுக்கும். தாயும் மறுகுரல் கொடுக்கும். பிறவாத பிள்ளையோடு பேசும் தாய் அது. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்ற நம் பழமொழி, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் வாயிற் பிறந்தது.

இவ்வடைக் குணம் புரோலக்றின் என்னும் சுரப்பினால் தூண்டப்படுவதென இக்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். இதைப்பற்றி சார்ள்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட தமது நூலிலே வியத்தகு செய்தியொன்றைக் குறித்துள்ளார். அடைகிடவாத இனங்கள் இரண்டினைக் கலந்தபோது, பிறந்த பேடுகளிற் சில நன்றாக அடைகிடந்தன என்பதே அது. அப்படியாயின் அடைக் குணம் அவ்வினங்களிலே முற்றாக அழியவில்லை, மறைந்து கிடந்தது. பிள்ளைகளிடத்தே இல்லை என்று நாம் தீர்த்துவிடும் குணங்களிற் பலவும் இப்படித்தான் மறைந்து கிடக்கின்றன போலும்.

ஒன்று நினைவில் வைத்தல் வேண்டும். இனம் மட்டும் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரே கூட்டிற் பிறந்த உடன்பிறப்புகளிடையேயும் துணிந்தது உண்டு, ஒதுங்குவது உண்டு. நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப் எப்பே, கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையொன்று இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். வரிசையின் அடியிலுள்ள கோழிக்கு இரை தாராளமாகக் கிடைப்பதில்லை. தீன் தட்டு ஒன்றை இரண்டாக்கிச் சற்றுத் தூரத்தில் வைத்தால் அந்த ஏழைக் கோழியும் வயிறார உண்ணும். குஞ்சுப் பருவத்திலிருந்தே கையால் தீன் கொடுத்துப் பழக்கினால், பதற்றமுள்ள லெகோர்னும் ஓரளவு அடங்கும்.

கூடி வாழும் குணத்தையும் தெரிந்தெடுக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர், லெகோர்ன் வழிவந்த கோழிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிவை 1996இல் வெளியிட்டார். தனித்தனியே மிகுந்த முட்டையிட்ட பேட்டை அவர் தேடவில்லை. ஒரு கூண்டிலுள்ள குடும்பம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, நன்றாக முட்டையிட்டு நெடிது வாழ்ந்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறையை எடுத்தார். ஒன்றையொன்று கொத்திச் சாகும் அக்கோழிகளிடையே தொடக்கத்தில் நூற்றுக்கு 68 ஆக இருந்த ஆண்டு இறப்பு, இரண்டே தலைமுறையில் நூற்றுக்கு 9 அளவுக்கு இறங்கியது, முட்டையும் பெருகியது. தனியொருவரின் முதன்மையை மட்டுமே பரிசளித்துப் பழகிய நாம், பாடசாலையிலும் வீட்டிலும் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

நேயர்களே, இக்காலத்தில் ஒருநாட் குஞ்சை விலைக்கு வாங்கி, முட்டையிட்டு ஓய்ந்ததும் விற்று, மீண்டும் குஞ்சு வாங்கும் வழக்கம் பெருகியுள்ளது. பெரும் பண்ணைக்கு அது பொருந்தலாம். ஆனால், கடைசிக் கோழியும் தீர்ந்தபின் குஞ்சு வாங்கக் கையிலே காசில்லாத வீட்டுக்கு அது பொருந்தாது. அடைகிடக்கும் பேடு ஒன்று உள்ள வளவு, தன் வித்தைத் தானே காக்கும் வளவு. அப்பேடு ஆண்டில் இடும் முட்டை குறைவுதான். அடுத்த ஆண்டின் கோழிகள் அதன் சிறகின் கீழ் இருக்கின்றன என்பதை முட்டைக் கணக்கு காட்டுவதில்லை.

ஆகவே, சீமைக்கோழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடைத்த கூடும் தீனும் உடையோர் லெகோர்ன் வளர்க்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒஸ்திரலோப் அல்லது சசெக்ஸ் தகும். திறந்த வளவுக்கு றோட் ஐலண்ட் றெட் ஏற்றது. எதனை வளர்த்தாலும், அவற்றோடு அடைகிடக்கும் ஊர்ப்பேடு ஒன்றையாவது வைத்திருங்கள். அது அடைக்கு உட்கார்ந்தால், தண்ணீரில் முக்கி அடையைக் கலைக்க அவசரப்படாதீர்கள். ஒன்பது முட்டையை அதன் கீழ் வைத்து, இருபத்தொரு நாள் பொறுத்திருங்கள்.